மைட்டோகாண்ட்ரியா மரபியலில் நோய் ஆபத்தை ஆராய வருகிறவர்களுக்கு: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

முனைவர் பட்டம் முடித்துவிட்டு, செல்லின் ஆற்றல் ஆலையான, தனக்கென்று ஒரு டிஎன்ஏ கொண்ட மைட்டோகாண்ட்ரியாவின் மரபியலை ஆராயும் பிரிட்டன் ஆய்வகங்களில் போஸ்ட்டாக்காகச் சேரப்போகும் இளைஞர்கள் அவ்வப்போது எனக்கு எழுதுகிறார்கள். பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: "உட்கரு டிஎன்ஏவில் வேலை பார்த்துப் பழகியிருக்கிறேன். இதுவும் அதுபோலத்தானே, அளவில் மட்டும் சிறியது?"

அளவில் சிறியது என்பது உண்மை. மற்ற எல்லாவற்றிலும் வேறு. உட்கரு டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒரு மாறுபாடு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் பெரும்பாலும் போதும். இங்கே எத்தனை விழுக்காடு, எந்தத் திசுவில், எந்த வயதில், எந்தத் தாய்வழிக் கிளையில் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் அந்த மாறுபாட்டுக்குப் பொருள் உண்டு. இவற்றில் ஒன்றைக் கேட்க மறந்ததால் வீணான ஆய்வுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். கீழே உள்ள படிகளை நான் சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள்.

சேர்ந்த வாரமே தரவுக்கு விண்ணப்பியுங்கள்

போஸ்ட்டாக் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். தரவைப் பயன்படுத்தும் அனுமதிக்கே அதில் சில மாதங்கள் போய்விடும். யூகே பயோபேங்க் என்பது 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட சுமார் ஐந்து லட்சம் பேரைச் சேர்த்து உருவாக்கிய தொகுப்பு. அவர்களுடைய முழு மரபணுத்தொகுதி வரிசைகளை உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ள முடியாது. பயோபேங்கின் இணையத் தளத்துக்குள் சென்றுதான் ஆராய வேண்டும். கணினி நேரத்துக்குக் கட்டணமும் உண்டு. விண்ணப்பத்தில் நோய்க் குறியீடுகளை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரத்தம் எடுத்த நேரம் ஆகியவற்றையும் அப்போதே கேளுங்கள். அணுக்களின் எண்ணிக்கை ஏன் வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தியாவில் உள்ள மருத்துவமனையோடு சேர்ந்து ஆராயும் எண்ணம் இருந்தால், அங்குள்ள நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது. வெளிநாட்டுக் கூட்டாய்வுகளைப் பரிசீலிக்கும் சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதையும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டுங்கள்

மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு வளையம். 16,569 கார இணைகள் (ஏ, சி, ஜி, டி என்று எழுதப்படும் டிஎன்ஏ எழுத்துகள்), 37 மரபணுக்கள். அவற்றில் 13 புரதங்களுக்கானவை, 22 கடத்தி ஆர்என்ஏக்களுக்கானவை, 2 ரைபோசோம் ஆர்என்ஏக்களுக்கானவை. அந்த 13 புரதங்களும் செல்லின் ஆற்றல் ஆலையில் வேலை செய்பவை. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை உட்கருவில் உள்ள மரபணுக்களே தருகின்றன. ஆகவே 'மைட்டோகாண்ட்ரியா நோய்' என்றவுடன் தாய்வழி நோய் என்று முடிவுகட்டக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் இத்தகைய நோய்களில் பெரும்பகுதி உட்கரு மரபணுக்களால் வருவது.

நாம் எல்லா மாதிரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மேற்கோள் வரிசை 1981இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெட் சாங்கர் இருந்த ஆய்வகத்தில் உருவானது. 1999இல் அதே மாதிரியை மறுபடியும் படித்து, இருந்த பிழைகளைத் திருத்தினார்கள். பழைய வரிசையில் 3106, 3107 என்ற இரண்டு இடங்களிலும் சி இருந்தது. உண்மையில் இருந்தது ஒரே ஒரு சி. ஆனால் ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் மாறி, அதுவரை வெளிவந்த ஆய்வுகள் எல்லாம் குழம்பிவிடும். அதனால் 3107ஆம் இடத்தில் ஒரு வெற்றுக்குறியை வைத்து எண் வரிசையைக் காப்பாற்றினார்கள். உங்கள் முடிவுகளில் 3107 என்ற 'மாறுபாடு' எல்லோரிடமும் தென்பட்டால் பதறாதீர்கள். அது அந்த வெற்றுக்குறிதான்.

பதற வேண்டியது வேறோர் இடத்தில். எச்ஜி19 என்ற பெயரில் பரவலாக இருந்த மரபணுத்தொகுதிக் கோப்பில் கேம்பிரிட்ஜ் வரிசை இல்லை. ஆப்பிரிக்க மாதிரி ஒன்றின் 16,571 எழுத்து கொண்ட வேறொரு வரிசை இருந்தது. அதில் எண்கள் ஓரிரு இடம் தள்ளிப்போகும். என் முதல் போஸ்ட்டாக் வேலையில், வேறோர் ஆய்வகத்திலிருந்து வந்த பழைய கோப்புகளை நான் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டேன். யாரிடமும் இதுவரை கண்டிராத மாறுபாடுகள் வரிசையாக வந்தன. மூன்று வாரம் அவற்றின் பின்னால் அலைந்த பிறகுதான் கோப்பின் தலைப்பைத் திறந்து நீளத்தைப் பார்த்தேன். 16,571 என்று இருந்தது. இன்றும் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். 16,569 என்றால் மேலே போகலாம்.

மாதிரியை மரத்தில் பொருத்துங்கள்

தாயிடமிருந்து மட்டும் வருவதாலும், தலைமுறைதோறும் கலைத்து அடுக்கப்படாததாலும், உலகத்தில் உள்ள எல்லாருடைய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் ஒரே மரத்தில் கிளை கிளையாக வைத்துவிடலாம். அந்தக் கிளைகளுக்கு ஹாப்லோகுழுக்கள் என்று பெயர். ஃபைலோட்ரீ என்ற மரம் 2016இல் தன் பதினேழாம் பதிப்பை வெளியிட்டது. ஹாப்லோகிரெப் என்ற மென்பொருள் உங்கள் மாதிரியை அதில் பொருத்திக் காட்டும்.

இதைப் புதியவர்கள் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியதே இதுதான். கேம்பிரிட்ஜ் வரிசை ஐரோப்பாவில் பரவியிருக்கும் எச் என்ற கிளையில் உள்ள ஒருவருடையது. அதோடு ஒப்பிட்டு 'மாறுபாடு' என்று வருவதெல்லாம் நோய் அல்ல, அபூர்வமும் அல்ல. இந்தியத் துணைக்கண்டத்தில் மிகப் பரவலான எம் கிளையைச் சேர்ந்த ஒருவரிடம் முப்பதுக்கும் மேற்பட்ட வேறுபாடுகள் சாதாரணமாக வரும். ஐரோப்பிய நோயாளிகளைப் பார்த்தே பழகிய ஓர் ஆய்வகத்தில் மதுரைக்காரர் ஒருவருடைய மாதிரி வந்தால், அவருடைய பாட்டிக்குப் பாட்டி முதல் எல்லோரிடமும் இருந்த ஓர் எழுத்தைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அந்த ஆய்வகத்தில் இதைச் சொல்லத் தெரிந்த ஆள் நீங்களாக இருங்கள்.

மரம் தரத்தையும் சோதிக்கும். எம் கிளை என்றால் 10400ஆம் இடத்தில் டி, 14783இல் சி, 15043இல் ஏ இருக்க வேண்டும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால், ஏதோ ஒரு கட்டத்தில் இரண்டு மாதிரிகள் மாறியிருக்கின்றன அல்லது அந்த இடம் சரியாகப் படிக்கப்படவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள். ஒரே மாதிரியில் ஒரு கிளையின் எழுத்துகள் 97 விழுக்காடும் இன்னொரு கிளையின் எழுத்துகள் 3 விழுக்காடும் இருந்தால் அது பக்கத்துக் குழாயின் கலப்படம். ஹான்ஸ் யூர்கன் பான்டல்ட், அந்தோனியோ சலாஸ் போன்றவர்கள் இத்தகைய பிழைகள் அச்சான ஆய்வுகளிலேயே இருப்பதை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகள் சிலவற்றை முதல் மாதத்திலேயே படித்துவிடுங்கள்.

விழுக்காட்டை வயதோடும் திசுவோடும் படியுங்கள்

ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பிரதிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலவற்றில் பிறழ்வு இருந்து சிலவற்றில் இல்லாமல் கலந்திருக்கும் நிலைக்கு ஹெட்டிரோபிளாஸ்மி என்று பெயர். பிறழ்ந்தவை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் செல் தடுமாறும். அந்த வரம்பு பெரும்பாலும் 60 முதல் 80 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்றாலும், பிறழ்வுக்குப் பிறழ்வு, திசுவுக்குத் திசு மாறும்.

எல்லோரும் தொடங்கும் எடுத்துக்காட்டு 3243ஆம் இடத்தில் ஏ என்பது ஜி ஆகும் பிறழ்வு. இது சிலருக்கு நீரிழிவையும் காதுகேளாமையையும் தருகிறது; சிலருக்கு இளவயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல்களைத் தருகிறது; சிலருக்கு ஒன்றுமே தருவதில்லை. இரத்தத்தில் இதன் அளவு வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகும். ஆகவே இருபது வயது மகளிடம் 30 விழுக்காடும் ஐம்பது வயது தாயிடம் 10 விழுக்காடும் கண்டால், மகளுக்குக் கூடிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

நியூகாசில் ஆய்வாளர்கள் 2018இல் இதற்கு ஒரு திருத்தம் தந்தார்கள். இரத்தத்தில் கண்ட அளவை, 0.977 என்ற எண்ணின் 'வயதோடு 12 கூட்டிய' அடுக்கால் வகுக்க வேண்டும். தாளில் போட்டுப் பாருங்கள். தாய்க்கு வயது 50, அடுக்கு 62, 0.977இன் 62ஆம் அடுக்கு ஏறத்தாழ 0.236. பத்தை அதனால் வகுத்தால் 42 விழுக்காடு. மகளுக்கு வயது 20, அடுக்கு 32, மதிப்பு ஏறத்தாழ 0.475. முப்பதை வகுத்தால் 63. இப்போதும் மகளுக்குத்தான் அதிகம், ஆனால் மூன்று மடங்கு வேறுபாடு ஒன்றரை மடங்காகிவிட்டது. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டவர் அதன்பின் வயது எழுதாத விழுக்காட்டை நம்ப மாட்டார். முடிந்தால் சிறுநீரில் உதிரும் செல்களிலும் அளந்துகொள்ளுங்கள்; இரத்தத்தைப் போல அங்கே இந்த அளவு விரைவாகக் கரைந்துபோவதில்லை.

இந்தத் திருத்தம் 3243க்கு மட்டும். வேறு பிறழ்வுகளுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வையுங்கள். இங்கிலாந்தின் வட கம்பிரியாவில் பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், 200 பேரில் ஒருவரிடமாவது பத்து நோய்ப் பிறழ்வுகளில் ஒன்று இருந்தது தெரிந்தது. நோயாகத் தெரிவது அதைவிட மிகக் குறைவு. பிறழ்வைச் சுமப்பது வேறு, நோய்ப்படுவது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் நீங்கள் ஆராய வந்திருக்கிறீர்கள்.

உட்கருவில் ஒளிந்திருக்கும் நகல்கள்

பரிணாமத்தின் போக்கில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் துண்டுகள் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நியூமிட் என்கிறார்கள். வரிசை படிக்கும் இயந்திரத்துக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உட்கரு நகலில் உள்ள மாறுபாடு குறைந்த விழுக்காட்டு ஹெட்டிரோபிளாஸ்மியாக உங்கள் முடிவில் வந்து உட்காரும்.

2018இல் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 17 பேரிடம் தந்தைவழியாகவும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வந்திருப்பதாக ஓர் ஆய்வு வெளியாகி, உலகம் முழுவதும் பேசப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு குழுக்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட தாய், தந்தை, பிள்ளை மூவர் தொகுதிகளைப் பார்த்தன. உட்கருவில் அடுத்தடுத்து அடுக்கப்பட்ட பெரிய நியூமிட் ஒன்று தந்தையிடமிருந்து வந்தாலே இதே தோற்றம் கிடைக்கும் என்று காட்டின. எனவே 5 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள எதையும் வேறொரு முறையில் உறுதிசெய்யாமல் எழுதாதீர்கள். மரபணு மாறுபாடுகளைத் திரட்டி வைக்கும் நோமேட் தொகுப்பு ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மைட்டோகாண்ட்ரியா மாறுபாடுகளை வெளியிட்டபோது 10 விழுக்காட்டைக் கீழ்வரம்பாக வைத்தது. தொடங்கும்போது நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.

வேலையின்போது நினைவில் இருக்க வேண்டிய சிறு விஷயங்கள் இரண்டு. வளையத்தை நேர்கோடாக வெட்டி வைத்திருப்பதால் வெட்டிய முனைகளில் வாசிப்பு குறையும். வரிசையை 8,000 இடம் சுழற்றி இரண்டாம் முறை பொருத்தினால் அது சரியாகும், ஜிஏடிகே மென்பொருளில் இதற்கான வழி இருக்கிறது. 303 முதல் 315 வரை சி எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் இயந்திரம் தடுமாறும். அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

பிரதி எண்ணிக்கையா, இரத்த அணுக்களா?

ஒரு செல்லுக்கு எத்தனை மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பிரதிகள் என்பதை முழு மரபணுத்தொகுதித் தரவிலிருந்தே கணக்கிடலாம். எளிதாகக் கிடைப்பதால் எல்லோரும் அதை இதயநோயோடும் நீரிழிவோடும் பொருத்திப் பார்த்தார்கள். ஆனால் இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா உண்டு. வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களுக்கு உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா குறைவு. ஒருவருக்குச் சளி பிடித்து வெள்ளணுக்கள் கூடியிருந்தாலே அவருடைய 'பிரதி எண்ணிக்கை' இறங்கிவிடும்! யூகே பயோபேங்க் தரவையும் அமெரிக்கத் தரவையும் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம் பேரை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டு ஆய்வு, இரத்த அணுக்களின் விகிதத்தைக் கண்டிப்பாகத் திருத்தாமல் இந்த எண்ணை நம்ப முடியாது என்று தெளிவாகக் காட்டியது. முதல் வாரத்திலேயே இரத்த அணு எண்ணிக்கையைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

நோயோடு தொடர்புபடுத்துதல்

இருநூறு நோயாளிகள், இருநூறு நலமானவர்கள் என்று எடுத்து, ஒரு ஹாப்லோகுழு ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். வேறு மக்களிடம் திரும்பப் பார்த்தபோது அவற்றில் பல நிற்கவில்லை. கிளைகள் ஊருக்கு ஊர் மாறும். நோயாளிகள் ஓர் ஊரிலிருந்தும் மற்றவர்கள் வேறோர் ஊரிலிருந்தும் வந்திருந்தால் நீங்கள் அளந்தது ஊரைத்தான். உட்கரு டிஎன்ஏவிலிருந்து எடுத்த முதன்மைக் கூறு அச்சுகள் (மக்களின் வம்சாவளி வேறுபாட்டைச் சில எண்களில் சுருக்குபவை) மட்டும் இந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் என்று நம்பாமல், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் அவற்றைக் கணக்கிட்டுச் சேருங்கள்.

முன்மாதிரியாகப் படிக்க வேண்டியது 2021இல் வெளிவந்த யூகே பயோபேங்க் அட்லஸ் என்ற ஆய்வு. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நூற்றுக்கணக்கான பண்புகளைப் பார்த்து, அதுவரை அறியப்படாத 260 தொடர்புகளைத் தந்தது. வகை 2 நீரிழிவு, உயரம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் அதில் உண்டு. அதன் முடிவுகளைவிடத் தரச் சோதனைப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கிளை உண்மையிலேயே ஆபத்தை மாற்றும் நல்ல எடுத்துக்காட்டு லீபர் பார்வை நரம்பு நோய். 1988இல் டக்ளஸ் வாலஸின் குழு 11778ஆம் இடத்துப் பிறழ்வை இந்நோயோடு இணைத்தது. அதே பிறழ்வு ஜே கிளையில் இருந்தால் பார்வை போகும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகம். புகைப்பிடித்தல் அதை மேலும் தூண்டுகிறது.

ஆய்வக மேசையில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நீக்கிய செல்லோடு நோயாளியின் மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்த்து உருவாக்கும் சைப்ரிட் முறை 1989 முதல் இருக்கிறது. ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் பல குளோன்களை (ஒவ்வொன்றும் ஒரே செல்லிலிருந்து வளர்ந்த தொகுதி) சோதியுங்கள், ஒன்றை நம்பாதீர்கள். குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் கொடுத்து வளர்த்தால், சர்க்கரையை உடைத்துப் பிழைக்கும் வழி குறைந்து, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றலை உண்டாக்கும் சுவாசச் சங்கிலியின் குறை வெளியே வரும். மரபணுக்களைத் திருத்தும் கருவியான கிறிஸ்பரின் வழிகாட்டி ஆர்என்ஏவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செலுத்துவது கடினம். 2020இல் வந்த, பாக்டீரிய நச்சு ஒன்றிலிருந்து உருவாக்கிய எழுத்துத் திருத்தி அந்தத் தடையைத் தாண்டியது.

குடும்ப மரத்தை உறவுச் சொற்களோடு வரையுங்கள்

நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்க்கும் ஆய்வில் இருந்தால், இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட நேரம் கொடுங்கள். ஆங்கிலப் படிவத்தில் 'கசின்' என்று ஒரே சொல் இருக்கும். அது நமக்கு உதவாது. சித்தியின் பிள்ளைகளும் பெரியம்மாவின் பிள்ளைகளும் நோயாளியின் அதே தாய்வழியில் இருக்கிறார்கள். தாய்மாமனும் இருக்கிறார், ஆனால் அவருடைய பிள்ளைகள் அவர்களுடைய அம்மாவின் வழி. அத்தையின் பிள்ளைகள் அத்தையின் வழி. தமிழ்க் குடும்பம் வந்தால் தமிழ் உறவுச் சொற்களையே எழுதிக்கொள்ளுங்கள். பாதி மரம் தானாகச் சரியாகிவிடும்.

அக்காள் மகளை மணந்த குடும்பங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கணவருடைய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் மனைவியினுடையதும் ஒரே தாய்வழி. தந்தைக்கும் நோய், பிள்ளைக்கும் நோய் என்று பார்த்தவுடன் தாய்வழி நோய் அல்ல என்று படிவத்தை மூடிவிடத் தோன்றும். பிள்ளைக்கு வந்தது தாயிடமிருந்துதான். அந்தத் தாய் தந்தையின் அக்காள் மகள் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே குடும்பத்தில் இருபக்கமும் ஒரே உட்கருப் பிறழ்வு சேர்ந்து வரும் ஆபத்தும் கூடுதல். இரண்டையும் ஒதுக்காமல் பாருங்கள்.

ஓர் ஆய்வுச் சந்திப்பில், மகனுக்குக் காது கேட்காமல் போன ஒரு தாய், மரபணு ஆலோசகர் எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு, என்னிடம் தமிழில் மெதுவாகக் கேட்டார்: "என் பால் மூலமாகவா போனது, ஐயா?" பால் அல்ல, நீங்கள் செய்த எதுவும் காரணம் அல்ல, உங்கள் அம்மாவிடமிருந்தும் அவருடைய அம்மாவிடமிருந்தும் எழுத்து மாறாமல் வந்தது என்று சொன்னேன். 'உங்களிடமிருந்துதான் வந்தது' என்ற சொற்றொடரை அதற்குப் பிறகு நான் எந்த விளக்கத் தாளிலும் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

அந்த மகனிடம் இருந்தது 1555ஆம் இடத்தில் ஏ என்பது ஜி ஆகும் பிறழ்வு. ஐரோப்பிய மக்களில் சுமார் 500 பேரில் ஒருவரிடம் இருப்பது. ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின் போன்ற மருந்துகள் இவர்களுடைய செவித்திறனைப் பறித்துவிடக்கூடும். மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் பிறந்த குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் முன்பே 26 நிமிடத்தில் இதைக் கண்டறியும் சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆய்வில் இப்படி ஒருவர் தென்பட்டால், முடிவை அவருக்குத் தெரிவிக்க ஒப்புதல் படிவம் இடம் தருகிறதா என்று அன்றே பாருங்கள். சில பெரிய தொகுப்புகள் தருவதில்லை. இடமிருந்தால் மருத்துவ ஆலோசகர் வழியாகத் தெரிவித்து, சான்றளிக்கப்பட்ட ஆய்வகத்தில் மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தாயோடு உட்கார்ந்து நாங்கள் பெயர்ப் பட்டியல் எழுதினோம். அம்மம்மா, பெரியம்மா, இரண்டு சித்திகள், அவர்களுடைய பிள்ளைகள், தங்கை, தங்கையின் மகள், தாய்மாமன். பதினான்கு பேர். ஒவ்வொருவருக்கும் பணப்பையில் வைக்கும் அளவில் ஓர் அட்டை. அதில் மருந்துகளின் பெயர்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும். பட்டியலில் இருந்த ஒரு சித்தி காஞ்சிபுரத்தில் இருந்தார். மாலையிலேயே தொலைபேசியில் அழைத்து அந்த நான்கு பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, திரும்பச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அந்த அம்மா கிளம்பினார்.